மின் மோட்டாரை வடிவமைக்க எந்த மென்பொருள்?
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கிரஷரில் விழும் சுண்ணாம்புக்கல் முதல் லாரியில் ஏறும் சிமெண்டு மூட்டை வரை, ஆலத்தியூர் ஆலைக்குள் நகரும் பொருள்களை ஏறக்குறைய முழுவதும் நகர்த்துவது மின் மோட்டார்தான். 1997இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 2013இல் அந்த நிறுவனம் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாறியது. சுற்றிலும் டால்மியாபுரம், ரெட்டிபாளையம், தளவாய், கோவிந்தபுரம், அரியலூர் டான்செம் என்று சிமெண்டு ஆலைகளின் வரிசை. ஆலை மதிலுக்கு வெளியே மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் நிலம். அங்கே தண்ணீர் தருவது போர்க் குழிக்குள் இறங்கியிருக்கும் சப்மர்சிபிள் மோட்டார். அது கருகினால் தூக்கிக்கொண்டு போவதற்கு ஊருக்கு ஊர் ரீவைண்டிங் கடை.

இப்படி மோட்டார்களால் சூழப்பட்ட ஒரு பகுதியில், மோட்டாரின் உள்ளே நடப்பதைக் கணக்கிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. பொறியியல் கல்லூரியில் மின்னியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஆர்வம் இருக்கிறது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது? மேக்ஸ்வெல்லா, ஜேமேகா, மோட்டார்-கேடா? சிறு உற்பத்தியாளரின் கேள்வி இன்னும் கனமானது. லட்சக்கணக்கில் பணம் கட்டி எதை வாங்குவது?

இந்த உரை அதற்குச் சொல்லும் பதில், பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குவதில்லை. மோட்டாரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவது எது, அதற்கு வேண்டிய அளவுகள் கையில் இருக்கின்றனவா, வந்த விடையை எந்த அளவீட்டோடு ஒப்பிடுவது — இவற்றைத் தீர்மானித்த பிறகு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிது. தீர்மானிக்காமல் வாங்கியவருக்கு எந்த மென்பொருளும் காந்தப்புலத்தை வண்ண வண்ணமாக வரைந்து காட்டும். தவறான அளவைக் கொடுத்தாலும் அந்தப் படம் அதே அழகோடுதான் வரும்.

ஆலைக்குள் எழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய காற்றாடியை ஸ்லிப் ரிங் மோட்டார் சுழற்றுகிறது. வேகத்தைக் குறைக்க ரோட்டார் சுற்றில் மின்தடைகளைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய ஆலைகளில் இது வெகுகாலம் புழங்கிய ஏற்பாடு. இதை மாற்றிவிட்டு, அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் குறைக்கும் டிரைவ் போட்டால் எவ்வளவு மிச்சம்? இதற்குக் காந்தப்புலத்தைக் கணக்கிட வேண்டிய தேவையே இல்லை. காற்றிடைவெளியைத் தாண்டி ரோட்டாருக்குப் போகும் மின்திறனில், ஸ்லிப் (சுழலும் காந்தப்புலத்தைவிட ரோட்டார் பின்தங்கும் அளவு) எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் ரோட்டார் சுற்றில் வெப்பமாகப் போகும். அப்படிப் போவது 500 கிலோவாட், ஸ்லிப் 20 சதவீதம் என்றால் 100 கிலோவாட் வெறும் சூடு. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 8 லட்சம் யூனிட். டிரைவின் சொந்த இழப்பைக் கழித்தாலும் கவனிக்க வேண்டிய தொகைதான். இதற்கு எக்செல் தாள் ஒன்று போதும். தொடக்கத்தில் வேகம் எப்படி ஏறுகிறது, மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று நொடிக்கு நொடி பார்க்க வேண்டுமானால் சைலேபோ ஓப்பன்மாடெலிகாவோ போதும். இரண்டும் இலவசம். மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம் இவற்றைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகிறது. அதே வளாகத்தில் பிறந்த ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கிடைக்கின்றன.

ஆலைப் பொறியாளர்களின் கேள்விகளில் பெரும்பகுதி இந்த வகை. காந்தப்புல மென்பொருள் வாங்கச் சொல்லி அவர்களிடம் யாராவது வந்தால், எந்தக் கேள்விக்காக என்று கேட்பதில் தவறில்லை.

மோட்டாரையே புதிதாக வடிவமைக்க வேண்டும், அல்லது இருக்கும் வடிவத்தைத் திருத்த வேண்டும் என்னும்போதுதான் புலக் கணக்கு உள்ளே வருகிறது. அந்தக் கணக்கு முறை பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும், இன்றைய மென்பொருள்களின் குலம் கோத்திரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கனடாவின் மகில் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சில்வெஸ்டர் பேராசிரியர். எம்.வி.கே. சாரி அவரிடம் ஆய்வு செய்தவர். மின் பொறியின் குறுக்குவெட்டைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, இரும்பு காந்தத்தால் நிறைந்து திணறும் நிலையையும் சேர்த்துக் கணக்கிடும் வழியை இருவரும் 1970இல் வெளியிட்டார்கள். கட்டடங்களுக்கும் விமான இறக்கைகளுக்கும் பயன்பட்டுவந்த ஃபைனைட் எலிமெண்ட் முறை அதன்பின் மின் பொறிகளுக்கும் உரியதாயிற்று. அதே மகிலிலிருந்து 1978இல் இன்ஃபோலிட்டிகா நிறுவனமும் அதன் மேக்நெட் மென்பொருளும் வந்தன. சில்வெஸ்டரின் இன்னொரு மாணவர் சோல்டான் செண்டெஸ் 1984இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அன்சாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று எல்லோரும் சொல்லும் மேக்ஸ்வெல் அங்கே வளர்ந்தது. ஜப்பானின் ஜேமேக் 1983இல் வந்தது.

இந்தக் கதையில் ஒரு தமிழரும் இருக்கிறார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எஸ். ரத்னஜீவன் எச். ஹூல், மின்காந்தக் கருவிகளைக் கணினியால் பகுத்தாய்ந்து வடிவமைப்பது பற்றிய பாடநூலை 1989இல் வெளியிட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இலங்கையிலும் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் இலங்கைத் தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினராகவும் பணியாற்றினார். அவருடைய பெயர் இங்கே ஒரு பெருமைக்காக மட்டும் வரவில்லை. வடிவம் கொடுத்தால் புலம் என்ன என்று கண்டுபிடிப்பது ஒன்று. வேண்டிய புலத்தைச் சொல்லி, அதைத் தரும் வடிவம் எது என்று கேட்பது வேறொன்று. வடிவமைப்பவர் உண்மையில் கேட்பது இரண்டாவதைத்தான். ஹூல் அந்தத் தலைகீழ்க் கணக்கில் வெகுகாலம் உழைத்தார். அதற்குச் செயற்கை நரம்பு வலைகளைப் பயன்படுத்தலாம் என்று 1993இலேயே கட்டுரை எழுதினார். இன்று செயற்கை நுண்ணறிவால் மோட்டார் வடிவமைக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை எடைபோட வருபவர், முப்பதாண்டுக்கு முந்தைய அந்த வேலையிலிருந்து தொடங்குவது நல்லது.

சரி, கையில் ஒரு மோட்டாரை எடுத்துப் பார்க்கலாம். அரியலூர், பெரம்பலூர் நிலங்களில் இறங்கும் போர் மோட்டாரையே எடுப்போம். இரண்டு துருவம், மூன்று ஃபேஸ், நிமிடத்துக்கு 2,880 சுற்று. போர்க் குழியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் உடம்பு ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும். இந்த ஒல்லி உடம்பு கணக்குப் போடுபவருக்கு ஒரு வசதி. குறுக்குவெட்டு நீளம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதால், இருபரிமாணக் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வரும். அதற்கு ஃபெம் என்று மின்னியல் மாணவர்கள் கூப்பிடும் மென்பொருள் இருக்கிறது. டேவிட் மீக்கர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் எழுதியது, காசு கேட்பதில்லை, சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

ஸ்டேட்டர் ஸ்லாட் ஒன்றின் மூலைப் புள்ளிகளை வைத்து, கோடும் வளைவும் போட்டு, அதை வட்டத்தில் நகலெடுத்தால் படம் தயார். ஒவ்வொரு பகுதிக்கும் பொருளைச் சொல்ல வேண்டும்: இது செம்பு, இது ஸ்டாம்பிங் (அச்சில் அடித்த இரும்புத் தகடு), இது காற்று. எந்த ஸ்லாட்டில் எந்த ஃபேஸ், எத்தனை சுற்று என்றும் சொல்ல வேண்டும். கணக்குக்கு அழுத்தும் முன் காற்றிடைவெளியை உற்றுப் பார்ப்பது முக்கியம். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே ஒரு அடுக்கு முக்கோணம் விழுந்திருந்தால் முறுக்குவிசை தாறுமாறாக வரும். மூன்று நான்கு அடுக்காவது வேண்டும்.

அதோடு ஒரு கைக்கணக்கும் வேண்டும். காற்றிடைவெளி 0.5 மில்லிமீட்டர், அதில் காந்தப்பாய அடர்த்தி 0.8 டெஸ்லா என்றால், அந்த இடைவெளியைக் கடக்க மட்டும் 318 ஆம்பியர்-சுற்று தேவை. கடைசல் பிசகி இடைவெளி 0.6 ஆகிவிட்டால் 382. ஸ்லாட் வாய்களால் இது இன்னும் கொஞ்சம் கூடும். மென்பொருளின் விடை இந்த எண்ணுக்கு அருகில் இல்லையென்றால், படத்தில் எங்கோ தப்பு இருக்கிறது. பெரும்பாலும் மில்லிமீட்டர் என்று போட வேண்டிய இடத்தில் வேறு அலகு போயிருக்கும், அல்லது ஒரு காயிலின் திசை மாறியிருக்கும்.

ரோட்டார் பக்கம் இன்னொரு நுட்பம். மோட்டார் தொடங்கும் நொடியில் ரோட்டாரின் செம்புக் கம்பிகளில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம். அந்த அதிர்வெண்ணில் செம்புக்குள் மின்னோட்டம் இறங்கும் ஆழம் சுமார் 9 மில்லிமீட்டர். கம்பியின் ஆழம் அதைத் தாண்டத் தாண்ட, மின்னோட்டம் மேற்பகுதியில் நெரியும். மின்தடை கூடும், தொடக்க முறுக்குவிசையும் கூடும். முழு வேகத்தில் ஸ்லிப் 4 சதவீதம், ரோட்டாரில் 2 ஹெர்ட்ஸ். அப்போது அந்த ஆழம் 46 மில்லிமீட்டர், ஆகவே கம்பி முழுவதும் மின்னோட்டம் பரவிவிடும். ஒரே கம்பி இரண்டு விதமாக நடந்துகொள்வதை ஃபெம் அழகாகக் காட்டும். பாடப்புத்தகத்தில் பல மாணவர்களுக்கு மண்டையில் ஏறாத விஷயம், திரையில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. கிராமத்தில் மின்னழுத்தம் 15 சதவீதம் குறைந்தால் முறுக்குவிசை 72 சதவீதமாகச் சுருங்கிவிடும் என்பதால், இந்தத் தொடக்க முறுக்குவிசை விவசாயிக்கு உயிரான எண்.

இருபரிமாணக் கணக்குக்கு எட்டாததும் உண்டு. ஸ்டேட்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயில் தலை, ரோட்டாரின் கடைசி வளையம், சாய்த்து வைத்த ஸ்லாட் ஆகியவற்றைக் கைக்கணக்கால்தான் சேர்க்க வேண்டும். இரண்டு துருவ மோட்டாரில் காயில் தலை நீளமானது, அதை விட்டுவிட்டால் மின்தடை கணிசமாகக் குறைந்து வரும். இதற்கான சூத்திரங்கள் சாஹ்னியின் வடிவமைப்புப் பாடநூலில் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் தேர்வுக்காக மட்டும் புரட்டிய நூல் அது. மென்பொருள் வந்துவிட்டதால் அது பழசாகிவிட்டதாக நினைப்பது பெரிய இழப்பு. விட்டம், நீளம், சுற்றுகள் என்ற முதல் அளவுகள் இன்றும் அதிலிருந்துதான் வர வேண்டும். அந்த அளவு இல்லாமல் எந்த ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருளாலும் தொடங்க முடியாது. மேக்ஸ்வெல்லோடு வரும் ஆர்.எம்.எக்ஸ்பர்ட், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பீட் போன்றவை, இத்தகைய சூத்திரங்களைக் கணினிக்குள் வைத்து நொடியில் விடை தருபவை.

இப்போது திறன் பற்றிய கேள்விக்கு வரலாம். இங்கேதான் விற்பனையாளரின் பேச்சுக்கும் உண்மைக்கும் இடைவெளி அதிகம். 7.5 கிலோவாட், நான்கு துருவ மோட்டார் ஐஇ2 வகுப்புக்கு 88.7 சதவீதமும் ஐஇ3 வகுப்புக்கு 90.4 சதவீதமும் திறன் காட்ட வேண்டும். வாட்டில் சொன்னால், மொத்த இழப்பு 955இலிருந்து 796ஆக இறங்க வேண்டும். வித்தியாசம் 159 வாட். சிறு உற்பத்தியாளர் ஒருவர் இந்த 159 வாட்டைப் பிடிப்பதற்காகத்தான் மென்பொருள் தேடுகிறார்.

மோட்டாரில் சிதறு இழப்பு என்று ஒன்று உண்டு. பல்லின் முகத்திலும் கம்பியின் ஓரத்திலும் சட்டகத்திலும் ஒளிந்துகொண்டு நடப்பது. எந்த ஒரு இடத்திலும் வைத்து அளக்க முடியாதது. சர்வதேசச் சோதனை விதியில், இதை அளக்காதவர்கள் ஒரு சூத்திரத்தால் ஒதுக்கிக்கொள்ள வழி இருக்கிறது. 7.5 கிலோவாட்டுக்கு அந்த ஒதுக்கீடு உள்ளீட்டில் சுமார் 2 சதவீதம், ஏறக்குறைய 170 வாட். அதாவது, கணக்கிடுவதற்கு மிகக் கடினமான ஒரு இழப்பின் அளவும், இரண்டு திறன் வகுப்புகளுக்கு இடையிலான வித்தியாசமும் கிட்டத்தட்ட ஒன்று. மென்பொருள் 90.5 என்று திரையில் காட்டியதை நம்பி அச்சு வெட்டி, ஸ்டாம்பிங் அடித்து, பெயர்ப்பலகை போடுவது ஆபத்து. கோவை சிட்டார்க் போன்ற சோதனைக்கூடத்தில் ஏற்றிப் பார்க்கும்வரை அந்த எண் ஒரு மதிப்பீடு மட்டுமே.

இரும்பிலும் இதே சிக்கல். எம்400-50ஏ என்று ஒரு தகட்டின் பெயர் இருந்தால், அரை மில்லிமீட்டர் தடிமன், 50 ஹெர்ட்ஸில் 1.5 டெஸ்லாவுக்குக் கிலோவுக்கு 4 வாட்டுக்கு மேல் இழப்பு போகாது என்று பொருள். அந்த எண் வெட்டாத தகட்டுக்கு. அச்சில் அடிக்கும்போது வெட்டு ஓரத்தில் உலோகம் நசுங்கி, காந்தத்துக்கு எளிதாக இடம்கொடுக்கும் குணம் குறைகிறது, இழப்பு ஏறுகிறது. நான்கைந்து மில்லிமீட்டர் அகலமே உள்ள பல்லில் இரண்டு பக்கமும் ஓரம் என்றால், பாதிப்பு அதிகம். விலை உயர்ந்த மென்பொருளின் பொருள் பட்டியலில் இருப்பதும் வெட்டாத தகட்டின் வளைகோடுதான். பல சிறு உற்பத்தியாளர்கள் ஸ்டாம்பிங்கை எடைக்கு வாங்குகிறார்கள், கூடவே சோதனைத் தாள் வாங்குவதில்லை. லைசென்ஸுக்குச் செலவிடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினால், கணக்கின் தரம் உடனே உயரும்.

1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மோட்டார்தான் இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்று பெயர் பெற்றது. அதிலிருந்து வளர்ந்த கோவைத் தொழில், கைப்பழக்கத்தால் செய்து, ஓட்டிப் பார்த்து, திருத்தித் திருத்தி இந்த அளவுக்கு வந்தது. அந்தத் தொழிலுக்கு மென்பொருள் தேவையில்லை என்று சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. சோதனை மேடையில் அவர்கள் சேர்த்துவைத்த அளவீடுகள்தான், மென்பொருளின் விடையைச் சரிபார்க்கக் கிடைத்திருக்கும் பெரும் செல்வம்.

பணம் கொடுத்தே தீர வேண்டிய இடங்களும் உண்டு, அங்கே தயங்கக் கூடாது. மின்சார ஸ்கூட்டருக்கான நிரந்தரக் காந்த மோட்டார் அப்படி ஒன்று. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இன்று வளரும் தொழில் இது. நியோடிமியம் காந்தத்தின் வலு, சூடு ஒரு டிகிரி ஏறும்போது 0.11 சதவீதம் அளவில் இறங்கும். 100 டிகிரி ஏறினால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். அந்தச் சூட்டில் திடீரென ஷார்ட் ஆனால் காந்தம் நிரந்தரமாகச் செத்தும் போகலாம். டிரைவின் துடிப்புகள், சுழற்சி, சூடு, குளிர்விப்பு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்துக் கணக்கிட வேண்டும். ஜேமேக், மேக்ஸ்வெல், மோட்டார்-கேட், ஃப்ளக்ஸ் போன்றவை இதற்காகவே வளர்ந்தவை. திறந்த மூல வழியில் போக விரும்புபவருக்கு ஃபின்லாந்தின் எல்மர், பெல்ஜியத்தின் கெட்டிபி, பிரான்ஸிலிருந்து வந்த பைலீகன் இருக்கின்றன. ஆற்றல் உள்ளவை, ஆனால் பொறுமையும் நிரல் எழுதும் பழக்கமும் கேட்பவை. உதவிக்குத் தொலைபேசியில் ஒருவர் கிடைக்க மாட்டார்.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க நல்ல வழிகள் இருக்கின்றன. துல்லியமான விடை ஏற்கெனவே தெரிந்த சில கணக்குகளை மின்காந்த ஆய்வாளர்களின் காம்பூமேக் அமைப்பு டீம் கணக்குகள் என்ற பெயரில் வைத்திருக்கிறது. அதில் 30ஆம் கணக்கு தூண்டல் மோட்டார். இன்னொன்று, 2004ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் காரின் மோட்டார். 8 துருவம், 48 ஸ்லாட். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் அதைப் பிரித்து அளந்து, ஓட்டிப் பார்த்து, அறிக்கையை எல்லோருக்கும் வெளியிட்டது. விற்பனையாளர் தம் மடிக்கணினியில் தயாராகக் கொண்டுவரும் மாதிரியை ஓட்டிக்காட்டச் சொல்வதற்குப் பதில், வாங்குபவர் இந்த இரண்டில் ஒன்றைத் தாமே வரைந்து ஓட்டிப் பார்க்க ஒரு வாரம் அனுமதி கேட்கலாம். மாணவர் பதிப்பில் இதைச் செய்து பழகலாம். ஆனால் அந்தப் பதிப்பை வணிக வேலைக்குப் பயன்படுத்துவது உரிம மீறல்.

மென்பொருளின் உரிமையாளர் மாறிக்கொண்டே இருப்பார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மான்ட்ரியலின் மேக்நெட், கிளாஸ்கோவின் ஸ்பீட், பிரான்ஸின் கிரெநோபிளில் பிறந்த ஃப்ளக்ஸ் — மூன்று நாட்டில், மூன்று ஆய்வுக்கூடச் சூழலில் வளர்ந்த மூன்றும் கைமாறிக் கைமாறி இன்று சீமென்ஸ் என்னும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கின்றன. அன்சாஃப்ட்டை 2008இல் அன்சிஸ் வாங்கியது. அந்த அன்சிஸை 2025இல் சினாப்சிஸ் வாங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெயரும் விலையும் உரிம முறையும் மாறலாம். ஆண்டு வாடகையை நிறுத்தினால் பழைய வடிவமைப்புக் கோப்பைத் திறக்கவே முடியாத நிலை வரக்கூடும். சிறு நிறுவனத்துக்கு அந்தக் கோப்புகள்தான் சொத்து. ஃபெம் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து எண்களைப் படிக்கலாம். வேறு எதை வாங்கினாலும், படத்தை டிஎக்ஸ்எஃப் வடிவிலும் அளவுகளை ஒரு தாளிலும் தனியாகச் சேமித்துவைக்கும் பழக்கம் வேண்டும்.

ஆலத்தியூர் வட்டாரத்தில் இந்த வேலை தொடங்க வேண்டிய இடம் ரீவைண்டிங் கடை என்று தோன்றுகிறது. கருகி வந்த மோட்டாரின் காயிலை அறுத்து எடுக்கும்போது, அங்கே ஒரு மாணவர் நின்றால் போதும். ஸ்லாட் எண்ணிக்கை, வெர்னியரில் அளந்த பல்லின் அகலம், ஸ்டேட்டரின் உள்விட்டம், ரோட்டாரின் வெளிவிட்டம், கட்டின் நீளம், ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பியின் தடிமன், பழைய செம்பின் எடை. கடைக்காரரின் நோட்டில் சுற்றுக் கணக்கும் கம்பி அளவும் ஏற்கெனவே இருக்கும், அவர் அதை மனப்பாடமாகவும் சொல்வார். புதிதாகச் சுற்றி முடித்ததும் வைண்டிங்கின் மின்தடை, சுமையில்லாமல் ஓடும்போது எடுக்கும் மின்னோட்டம், ரோட்டாரைப் பூட்டிவைத்துக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்தால் வரும் மின்னோட்டம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். இதே மூன்றையும் ஃபெம்மிலும் கைக்கணக்கிலும் போட்டுப் பார்க்கலாம். மின்தடை ஒத்துவரவில்லையென்றால் காயில் தலையின் நீளத்தைத் திருத்த வேண்டும். சுமையில்லா மின்னோட்டம் ஒத்துவரவில்லையென்றால் காற்றிடைவெளியையோ ஸ்டாம்பிங்கின் வளைகோட்டையோ சந்தேகப்பட வேண்டும். முதல் இரண்டும் ஒத்துவந்து, பூட்டிய ரோட்டார் மின்னோட்டம் மட்டும் தொடர்ந்து விலகி நின்றால், காயில் தலையின் கசிவுப் புலத்தை முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. வட்டாரக் கல்லூரிகளும் ஆலைகளும் செலவைப் பகிர்ந்து ஒரு லைசென்ஸ் வாங்குவதாக இருந்தால், அந்தக் கேள்வியையும் அந்த மோட்டாரின் அளவுத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு விலை பேச உட்காரலாம்.